தேசியப் பூங்காவுக்கு எந்த மாதம் போவது? முதன்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எந்தத் தேசியப் பூங்காவின் பெயரைத் தேடினாலும் "செல்ல உகந்த காலம்: அக்டோபர் முதல் மார்ச் வரை" என்பது போல ஒரு வரி கிடைக்கும். விடுதிக்காரர் சொல்வதும் அதுதான், பயண நிறுவனம் அச்சடித்துத் தருவதும் அதுதான். அந்த வரி பொய்யில்லை. ஆனால் அது யாருக்கு உகந்த காலம், எதற்கு உகந்த காலம் என்பதைச் சொல்வதில்லை. பெரும்பாலும் அது வெயில் சுடாத, மழை நனைக்காத மாதங்களின் பட்டியல் மட்டுமே.

மத்திய இந்தியாவின் புலிக்காடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். கன்ஹா, பாந்தவ்கர் போன்ற பூங்காக்களின் மையப் பகுதிகள் பருவமழைக்காக ஜூலையில் மூடப்பட்டு அக்டோபரில் திறக்கின்றன. திறந்த புதிதில் காடு பச்சைப் பசேலென்று இருக்கும். புல் ஓங்கி வளர்ந்திருக்கும். எங்கு பார்த்தாலும் தண்ணீர். புலி எங்கே வேண்டுமானாலும் குடிக்கலாம், எங்கே வேண்டுமானாலும் படுக்கலாம். ஜீப்புக்குப் பக்கத்துப் புல்லில் படுத்திருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. அதே காட்டில் ஏப்ரல், மே மாதங்களில் புல் காய்ந்து தாழ்ந்துவிடும், புழுதி பறக்கும், வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஆனால் வற்றாமல் மிஞ்சியிருக்கும் சில நீர்நிலைகளுக்குப் புலி வந்தே ஆக வேண்டும். ஆகவே புலியைப் பார்க்கப் போகிறவருக்கு மே மாதம் நல்லது. காட்டைப் பார்க்கப் போகிறவருக்கு அக்டோபர், நவம்பர் நல்லது. இருவரும் ஒரே பூங்காவுக்குத்தான் போகிறார்கள்.

எனவே மாதத்தைத் தேடுவதிலிருந்து தொடங்காதீர்கள். கீழே உள்ள வரிசையில் போனால் மாதம் தானாக வந்து நிற்கும்.

முதல் படி: என்ன பார்க்க வேண்டும் என்று ஒரே வரியில் எழுதுங்கள்

எழுதத்தான் சொல்கிறேன்; மனதில் நினைத்துக்கொண்டால் போதாது. "இயற்கையை ரசிக்க வேண்டும்" என்று எழுதினால் அது பயன்படாது. "யானைக் கூட்டம்", "அருவி நிறைந்து விழ வேண்டும்", "மலைப்பாதையில் நாள் முழுக்க நடக்க வேண்டும்", "வலசைப் பறவைகள்", "கூட்டமில்லாத அமைதி" என்று குறிப்பாக எழுதுங்கள். இரண்டு மூன்று ஆசைகள் இருந்தால் ஒன்றை மேலே வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் கேட்டால் எதுவும் அரைகுறையாகவே கிடைக்கும். ஒன்றுக்கு உச்சமான மாதம் இன்னொன்றுக்குப் பெரும்பாலும் மோசமான மாதம்.

ஆப்பிரிக்காவின் விக்டோரியா அருவி இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. சாம்பேசி ஆறு ஏப்ரல் வாக்கில் பெருகி ஓடும்போது அருவி முழு வலிமையோடு விழுகிறது. ஆனால் அப்போது எழும் நீர்த்திவலை மேகம் போல எழுந்து அருவியையே மறைத்துவிடும். நனைவீர்கள், இரைச்சலைக் கேட்பீர்கள், பார்ப்பது குறைவு. அக்டோபர், நவம்பரில் சாம்பியா பக்கத்தில் பெரும்பகுதி வெறும் பாறையாகிவிடும். பள்ளத்தின் வடிவம் தெளிவாகத் தெரியும், அருவிதான் இருக்காது. வலிமை வேண்டுமா, காட்சி வேண்டுமா? இரண்டும் ஓரளவு வேண்டுமென்றால் இடைப்பட்ட ஜூன், ஜூலை. "விக்டோரியா அருவிக்கு எப்போது போகலாம்" என்ற கேள்விக்கு இப்படி மூன்று பதில்கள் உண்டு, மூன்றும் சரி.

அமெரிக்காவின் யோசெமிட்டியில் அருவிகளுக்கு நீர் கொடுப்பது பனி உருகல். மே, ஜூனில் அவை பெருகி விழும். ஆகஸ்டில் வந்தால் புகழ்பெற்ற யோசெமிட்டி அருவி வற்றிப் போயிருக்க வாய்ப்பு அதிகம். கோடை விடுமுறையில் அத்தனை தூரம் போய் ஈரம் காய்ந்த பாறையைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் ஏராளம். அவர்கள் யாரும் வானிலையைத் தப்பாகக் கணித்தவர்கள் அல்லர். வானிலை அருமையாகத்தான் இருந்திருக்கும்.

விலங்குகளைப் பொறுத்தவரை விலங்கின் பெயரோடு அது செய்யும் செயலையும் சேர்த்து எழுதுங்கள். தான்சானியாவின் செரங்கெட்டியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட காட்டெருமை மான்கள் (ஆங்கிலத்தில் வில்டபீஸ்ட்) மழையைத் தொடர்ந்து ஆண்டு முழுக்கச் சுற்றிவருகின்றன. அவை குட்டி போடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் வரை தெற்குச் சமவெளியில் இருக்க வேண்டும். முதலைகள் காத்திருக்கும் மாரா ஆற்றை அவை கடப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் ஜூலை முதல் அக்டோபர் வரை வடக்கு எல்லையில் இருக்க வேண்டும். சரியான மாதத்தில் தவறான பக்கத்தில் அறை எடுத்தால் காலியான புல்வெளிதான் மிஞ்சும். அதனால் மாதம் என்ற கேள்வியோடு "பூங்காவின் எந்தப் பகுதி" என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். இந்த இரண்டாவது கேள்வியைப் புதியவர்கள் கேட்பதே இல்லை.

இரண்டாம் படி: மூடியிருக்கும் மாதங்களை அடித்துவிடுங்கள்

ஒரு தாளில் பன்னிரண்டு மாதங்களையும் எழுதி, பூங்கா மூடியிருக்கும் மாதங்களின் மேல் கோடு போடுங்கள். விடுப்பு எழுதிக் கொடுத்து, ரயில் டிக்கெட்டும் எடுத்த பிறகு பூங்கா மூடியிருப்பதைத் தெரிந்துகொள்வதைவிட இது எளிது.

பூங்காக்கள் மூடப்படுவதற்குக் காரணங்கள் பல. அசாமின் காசிரங்கா, பிரம்மபுத்திரா பெருகி உள்ளே புகுவதால் மழைக்காலத்தில் மூடப்படும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே போவது பாதுகாப்பான கணக்கு. கேரளத்தின் இரவிகுளத்தில் மழை காரணமல்ல, வரையாடுகள் குட்டி ஈனும் பருவம். பிப்ரவரி, மார்ச் வாக்கில் பார்வையாளர்களை நிறுத்திவிடுவார்கள். இலங்கையின் யாலவில் காசிரங்காவுக்கு நேரெதிர்: வறட்சி முற்றும் செப்டம்பர் வாக்கில் முதன்மைப் பகுதியைப் பல ஆண்டுகளில் மூடியிருக்கிறார்கள். உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்கு ஜூன் முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும், மற்ற மாதங்களில் பனி. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் பிப்ரவரிக்குப் பிறகு காட்டுத்தீ அபாயம் ஏறினால் மலையேற்றப் பாதைகளைத் தற்காலிகமாக அடைப்பார்கள். இதன் தேதியை முன்கூட்டி யாரும் சொல்ல முடியாது. அந்த ஆண்டின் வறட்சியைப் பொறுத்தது.

மூடும் தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு சில நாட்கள் நகரும். மழை முந்தினால் முன்னதாகவே மூடுவார்கள், பாதை சரியாகாவிட்டால் திறப்பதைத் தள்ளிப்போடுவார்கள். எனவே எல்லைத் தேதியை ஒட்டித் திட்டமிடுகிறவர்கள் பத்து நாளாவது தள்ளி நிற்பது நல்லது.

"திறந்திருக்கிறது" என்ற சொல்லையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. பூங்கா திறந்திருக்கும், நீங்கள் பார்க்க நினைத்த இடம் மூடியிருக்கும். கார்பெட் பூங்காவில் எல்லோரும் ஆசைப்படும் டிக்காலா பகுதி வழக்கமாக நவம்பர் 15 முதல் ஜூன் 15 வரைதான். வேறு சில பகுதிகள் அதற்கு வெளியேயும் திறந்திருக்கும். அமெரிக்காவின் கிளேசியர் பூங்கா ஆண்டு முழுக்கத் திறந்திருக்கிறது, ஆனால் அதன் உயிர்நாடியான மலைச்சாலையில் பனியை அகற்றி முழுமையாகத் திறக்க ஜூன் கடைசியோ ஜூலையோ ஆகிவிடும். மே மாதத்தில் அங்கே போனவருக்குப் பூங்காவின் பெயர்ப்பலகையோடு ஏரியும் தெரியும், மலைமுகடு தெரியாது. யெல்லோஸ்டோனில் நவம்பர் முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை பெரும்பாலான சாலைகளில் சாதாரண வாகனங்களுக்கு அனுமதியில்லை. வடக்கு வாயிலிலிருந்து வடகிழக்கு வாயில் வரையிலான ஒரு சாலை மட்டும் விதிவிலக்கு. ஆகவே பூங்காவின் அதிகாரபூர்வ இணையதளத்தில் "பூங்கா நிலவரம்" பார்த்தால் போதாது. சாலை நிலவரம், பகுதி நிலவரம் இரண்டையும் பாருங்கள்.

வார விடுமுறையும் உண்டு. மத்தியப் பிரதேசப் புலிக் காப்பகங்கள் பலவற்றில் புதன்கிழமை மாலை சஃபாரி கிடையாது. இரண்டு நாள் பயணத்தில் அது பெரிய இழப்பு.

மூன்றாம் படி: தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

என்னைக் கேட்டால், ஒரு பூங்காவைப் புரிந்துகொள்ள வெப்பநிலை அட்டவணையைவிட மழை அட்டவணைதான் உதவும். தண்ணீர் பரவிக் கிடந்தால் விலங்கும் பரவிக் கிடக்கும். தண்ணீர் சுருங்கினால் விலங்கு கூடும். வறண்ட பருவம் உள்ள வெப்பமண்டலப் பூங்காக்கள் பலவற்றுக்கும் இந்த ஒரு கணக்கு பொருந்தும்.

இலங்கையின் மின்னேரியாவில் இது கண்ணெதிரே நடக்கிறது. ஜூலை முதல் அக்டோபர் வரை, சுற்றுப்புறம் காய்ந்து கிடக்கும்போது, அங்குள்ள பழைய குளத்தின் நீர்மட்டம் இறங்கி, வெளிப்பட்ட கரையில் இளம்புல் முளைக்கிறது. அந்தப் புல்லுக்காகவும் நீருக்காகவும் சுற்றுவட்டக் காடுகளின் யானைகள் நூற்றுக்கணக்கில் அங்கே கூடுகின்றன. வடகிழக்குப் பருவமழை வந்து குளம் நிறைந்துவிட்டால் புல் மூழ்கிவிடும், கூட்டமும் கலைந்துவிடும். யானை காட்டில்தான் இருக்கும், நீங்கள்தான் பார்க்க மாட்டீர்கள். நமீபியாவின் எட்டோஷாவிலும் இதே கதை: ஜூன் முதல் அக்டோபர் வரை நீர்க்குட்டை ஒன்றின் அருகே வண்டியை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும், விலங்குகள் வரிசையாக வந்துகொண்டிருக்கும்.

இரண்டாவது விஷயம் புல். நேபாளத்தின் சித்வானிலும் காசிரங்காவிலும் யானையையே மறைக்கும் உயரத்துக்குப் புல் வளரும். குளிர்காலத்தின் பிற்பகுதியில் அந்தப் புல் அறுக்கப்பட்டோ எரிக்கப்பட்டோ தாழ்ந்த பிறகு, பிப்ரவரி, மார்ச்சில் காண்டாமிருகம் வெட்டவெளியில் மேயும். நவம்பரில் போனாலும் பூங்கா திறந்திருக்கும், குளிர்ந்த காற்று இருக்கும், காண்டாமிருகத்தின் முதுகு மட்டும் புல்லுக்கு மேல் நகர்வதையும் பார்க்கலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு மழைக்காலம் வீண் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மழைக்காலத்தின் சரக்கு வேறு. குட்டிகள், பறவைகளின் கூடுகள், தவளைகள், காளான்கள், தெளிவான வானம் இவையெல்லாம் மழைக்குப் பின்னால்தான் வரும். மலர்ப் பள்ளத்தாக்கில் மலர்கள் உச்சமடைவது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை, அதாவது இமயத்தில் மழை கொட்டும் நாட்களில். நனையாமல் அந்த மலர்களைப் பார்க்க வழியில்லை. நிலச்சரிவால் சாலை அடைபடும் நாட்களுக்கும் இடம் விட்டுத்தான் திட்டமிட வேண்டும். ராஜஸ்தானின் கேவலாதேவ் இன்னும் சுவாரசியமானது. வடக்கிலிருந்து வரும் வாத்துகளையும் பிற வலசைப் பறவைகளையும் பார்க்க நவம்பர் முதல் பிப்ரவரி வரை போகலாம். ஆனால் நல்ல மழை பெய்த ஆண்டின் ஆகஸ்ட், செப்டம்பரில் மஞ்சள் மூக்கு நாரைகளும் கொக்குகளும் மரம் முழுக்கக் கூடு கட்டியிருக்கும். இரண்டும் அதே பூங்கா, இரண்டும் பறவைக்காலம்; பறவைகள்தான் வேறு.

காலங்களை நான்காகப் பிரித்துப் பார்க்கும் பழக்கத்தையும் இங்கே விட்டுவிட வேண்டியிருக்கும். ஆஸ்திரேலியாவின் கக்காடு பூங்காவில் வாழும் பூர்வகுடி மக்கள் ஓர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரிக்கிறார்கள்: இடியோடு மழை தொடங்குவது, வெள்ளம் பரவுவது, கடைசிப் புயல் மழை, பனிமூட்டம், குளிர், பிறகு வெப்பமும் வறட்சியும். எந்தச் சாலை எப்போது திறக்கும் என்பது "கோடை, குளிர்" என்ற பிரிவைவிட இந்தப் பிரிவோடு நன்றாகவே ஒத்துப்போகிறது. பூமத்தியரேகைக்குத் தெற்கே போகிறவர்கள் மறக்கக் கூடாத இன்னொன்று: அங்கே பருவங்கள் தலைகீழ். தென்னாப்பிரிக்காவின் க்ரூகரில் மே முதல் செப்டம்பர் வரை குளிரும் வறட்சியுமான பருவம், விலங்கு பார்க்க மிக நல்ல பருவம், மலேரியா அபாயமும் அப்போதுதான் குறைவு. தென் அமெரிக்காவின் முனையிலுள்ள டோரஸ் டெல் பைனில் நடைப்பயணக் காலம் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. காற்றும் அப்போதுதான் ஆளைத் தள்ளும் வேகத்தில் வீசும்.

இலங்கை போன்ற சிறிய தீவிலேயே தென்மேற்கும் வடகிழக்கும் வெவ்வேறு மாதங்களில் நனைகின்றன. நாடு முழுவதுக்கும் ஒரே "நல்ல காலம்" சொல்லும் பட்டியலைப் பார்த்தால் நகர்ந்துவிடுங்கள்.

நான்காம் படி: வெப்பநிலையைப் படிக்கும் முறை

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். இணையத்தில் கிடைக்கும் வெப்பநிலை பெரும்பாலும் அருகிலுள்ள நகரத்தினுடையது. பூங்கா அதைவிட உயரத்தில் இருக்கலாம். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்கினால் அதே அளவு கூடும். கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்புக்கும் அடியில் ஓடும் ஆற்றுக்கும் 1,300 மீட்டருக்கு மேல் வித்தியாசம். கோடையில் மேலே இதமாக இருக்கிறதே என்று இறங்குகிறவர்கள் கீழே 40 டிகிரியில் மாட்டிக்கொள்வார்கள்; ஏற வேண்டியது அதற்குப் பிறகுதான்.

சராசரியைவிட உச்சத்தையும் தாழ்வையும் பாருங்கள். அதிகாலை சஃபாரி என்றால் நாளின் மிகக் குளிர்ந்த நேரத்தில் திறந்த வண்டியில் காற்று முகத்தில் அடிக்கப் போவீர்கள். ஜனவரியில் மத்திய இந்தியாவில் பகல் 24 டிகிரி என்று படித்துவிட்டு மெல்லிய சட்டையோடு போனால் முதல் ஒரு மணிநேரம் புலியைப் பற்றிய நினைவே வராது. மறுபக்கம், அமெரிக்காவின் டெத் வேலி. 1913 ஜூலை 10 அன்று 56.7 டிகிரி பதிவான இடம் அது. கோடையில் அங்கே நடைப்பயணம் என்று திட்டமிடுவதே தவறு. நவம்பர் முதல் மார்ச் வரை போங்கள்.

மலைப் பூங்காக்களில் மாதத்தைவிடச் சில நேரம் மணிக்கணக்குதான் முக்கியம். ராக்கி மலைத்தொடரில் கோடைப் பிற்பகல்களில் இடி மின்னல் வழக்கம். நண்பகலுக்குள் மரங்கள் வளரும் உயர எல்லைக்குக் கீழே இறங்கிவிட வேண்டும் என்பது அங்கே நடக்கிறவர்களின் பாலபாடம். அட்டைகள், கொசுக்கள், காட்டுத்தீப் புகை ஆகியவற்றை எந்தச் சுற்றுலாக் கையேடும் பெரிய எழுத்தில் போடாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை மாதங்களில் அட்டை, அலாஸ்காவில் ஜூன், ஜூலையில் கொசு, வட அமெரிக்க மேற்கில் ஆகஸ்ட் வாக்கில் புகை. தேர்ந்தெடுத்த மாதத்துக்கு எதிரே இவற்றில் எது வரும் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: கூட்டம்

கூட்டத்துக்குப் பயந்து நல்ல மாதத்தையே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அதற்கு முன் கிழமையை மாற்றிப் பாருங்கள். பள்ளி விடுமுறை, நீண்ட வார இறுதி, ஆண்டின் கடைசி வாரம் ஆகிய மூன்றையும் தவிர்த்துவிட்டுச் செவ்வாய் முதல் வியாழன் வரை போனாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். விடியற்காலையில் வாயிலில் நின்றால் மீதியில் பாதி.

பூங்காவில் கூட்டம் இரண்டு விதமாக வெளிப்படும். வாகன எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருக்கும் பூங்காக்களில் உள்ளே நெரிசல் அதிகமிருக்காது, டிக்கெட் கிடைக்காது. ராஜஸ்தானின் புலிக்காடான ரண்தம்போர் போன்ற இடங்களில் விடுமுறை நாட்களுக்கான இடங்கள் பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். வரம்பில்லாத பூங்காக்களில் டிக்கெட் கிடைக்கும், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. எந்த வகை என்று தெரிந்தால் உங்கள் வேலை முன்பதிவா, விடியற்காலை எழுவதா என்பது தெளிவாகிவிடும்.

சில நிகழ்வுகளுக்குக் கூட்டத்தைத் தவிர்க்கவே முடியாது. அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைகளில் மே கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதிக்குள் சில நாட்கள் மின்மினிகள் ஒரே நேரத்தில் ஒளிர்ந்து ஒரே நேரத்தில் அணையும். அதைப் பார்க்கக் குலுக்கல் முறையில்தான் அனுமதி. இரவிகுளத்தைச் சுற்றியுள்ள மலைகளில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. அப்போது கூட்டமில்லாத நாளைத் தேடிப் பயனில்லை.

ஆறாம் படி: பருவத்தின் எந்த விளிம்பு?

உச்ச மாதத்தில் இடமில்லை, கட்டணமும் அதிகம் என்றால் எல்லோரும் சொல்லும் யோசனை, பருவத்தின் விளிம்பில் போங்கள் என்பது. சரியான யோசனைதான், ஆனால் ஒரு பருவத்துக்கு இரண்டு விளிம்புகள் இருக்கின்றன என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். தொடக்கமும் முடிவும் ஒன்றல்ல.

புதியவர்களுக்கு நான் முடிவு விளிம்பைத்தான் சொல்வேன். பனிமலைப் பூங்காக்களில் பருவத் தொடக்கம் என்றால் சாலை திறக்குமா என்ற பதற்றம், பாதையில் மிச்சப் பனி, உருகிய நீரால் பெருகிய ஓடைகள். பருவ முடிவான செப்டம்பரில் எல்லாப் பாதைகளும் திறந்திருக்கும், கொசு குறைந்திருக்கும், பள்ளிகள் தொடங்கியதால் குடும்பங்கள் திரும்பியிருக்கும். யெல்லோஸ்டோனில் எல்க் மான்கள் இணைதேடிக் குரல் எழுப்புவது செப்டம்பரில்தான். கனடாவின் பான்ஃபில் லார்ச் மரங்கள் பொன்னிறமாவதும் செப்டம்பரின் பிற்பகுதியில். முதல் பனிப்பொழிவு முந்திக்கொள்ளும் ஆபத்து உண்டு. அதற்கு ஒரு நாளைக் கையிருப்பாக வைத்துக்கொண்டால் போதும்.

வறண்ட பருவத்தில் விலங்கு பார்க்கும் பூங்காக்களிலும் முடிவு விளிம்பே மேல், வறட்சி முற்ற முற்றக் காட்சி கூடும் என்பதால். ஆனால் இங்கே முடிவு விளிம்பு என்றால் கடும் வெயில். வயதானவர்களோ சிறு குழந்தைகளோ உடன் வந்தால் புலிக்காட்டுக்கு மே வேண்டாம். பிப்ரவரி இறுதி அல்லது மார்ச் போதும். காட்சி வாய்ப்பில் கொஞ்சம் குறையும், யாரும் மயங்கி விழ மாட்டார்கள்.

தொடக்க விளிம்பு நல்லதாக அமைவது பசுமைக்காகவும் புகைப்படத்துக்காகவும் போகிறவர்களுக்கு. மழை ஓய்ந்ததும் வரும் ஒளியும் தூசியில்லாத காற்றும் ஆண்டின் மற்ற மாதங்களில் கிடைக்காது.

விடுப்பு ஒரே மாதத்தில்தான் கிடைக்கிறது என்றால்

உண்மையில் பெரும்பாலோரின் நிலை இதுதான். மாதம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. பிடித்த பூங்காவைத் தவறான மாதத்தில் இழுத்துப் பொருத்தப் பார்க்கிறார்கள். அப்படிச் செய்யாமல் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: இந்த மாதத்தில் எந்தப் பூங்கா உச்சத்தில் இருக்கிறது?

பிப்ரவரி என்றால் தெற்கு செரங்கெட்டியின் குட்டிகள், காசிரங்காவின் காண்டாமிருகங்கள், கேவலாதேவின் கடைசி வலசைப் பறவைகள். கடுங்குளிர் தாங்குகிறவருக்கு யெல்லோஸ்டோனின் லாமர் பள்ளத்தாக்கில் வெண்பனி மேல் ஓநாய்கள். குளிர்காலத்தில் அவற்றைத் தொலைவிலிருந்தே அடையாளம் காணலாம். ஏப்ரல், மே என்றால் மத்திய இந்தியப் புலிகள், யோசெமிட்டியின் அருவிகள். ஜூலை, ஆகஸ்ட் பள்ளி விடுமுறையோ அலுவலக விடுப்போ என்றால் மத்திய இந்தியப் புலிக்காட்டின் மூடிய வாயிலில் நிற்காமல் மின்னேரியாவின் யானைகளுக்கோ, மலர்ப் பள்ளத்தாக்குக்கோ, எட்டோஷாவுக்கோ, க்ரூகருக்கோ போகலாம். செப்டம்பருக்கு வடபகுதி மலைப் பூங்காக்கள். அக்டோபருக்கு எட்டோஷாவின் கடைசி வறட்சி வாரங்கள், ஸ்மோக்கி மலைகளின் இலையுதிர் நிறங்கள். டிசம்பர் என்றால் டோரஸ் டெல் பைன், கேவலாதேவ், டெத் வேலி.

ஆசைப்பட்ட பூங்கா இந்தப் பட்டியலில் இல்லையென்றாலும் முறை ஒன்றுதான். அந்த மாதத்தில் அங்கே எது உச்சத்தில் இருக்கிறது என்று தேடுங்கள்; ஒன்றும் இல்லையென்றால் அடுத்த ஆண்டுக்கு விட்டுவிடுங்கள்.

ஏழாம் படி: தேதியை உறுதிசெய்தல்

மாதம் தேர்வான பிறகு விடுதிக்கோ வழிகாட்டிக்கோ பேசுங்கள். ஆனால் "அந்த மாதம் நன்றாக இருக்குமா?" என்று கேட்காதீர்கள். அறை காலியாக இருக்கும் விடுதிக்கு எல்லா மாதமும் நல்ல மாதம்தான். "போன ஆண்டு இதே வாரத்தில் எந்தப் பகுதியில், என்ன பார்த்தீர்கள்? எந்தப் பாதை மூடியிருந்தது? மழை எத்தனை சவாரியைக் கெடுத்தது?" என்று கேளுங்கள். குறிப்பான கேள்விக்குக் குறிப்பான பதில் வந்தால் அவரை நம்பலாம். மழுப்பினால் இன்னொருவரிடம் பேசுங்கள்.

விலங்கு பார்ப்பது நோக்கமென்றால் சிறந்த மாதத்தில் ஒரே ஒரு சஃபாரியைவிடச் சுமாரான மாதத்தில் நான்கு சஃபாரி மேல். எந்த மாதமும் வாய்ப்பைத்தான் கூட்டும், உறுதி தராது. அதனால் பணம் ஒரு அளவுக்குத்தான் இருக்கிறதென்றால் உச்ச வாரத்தின் விலையுயர்ந்த ஒரு இரவைவிட அதற்கு முந்தைய வாரத்தின் மூன்று இரவுகளை எடுங்கள்.

விண்மீன் பார்க்கிறவர்கள் அமாவாசையை ஒட்டிய நாட்களைத் தேர்ந்தெடுங்கள். வேறெந்த விதியும் அவர்களுக்கு இதைவிட முக்கியமல்ல.

முன்பதிவில் கவனிக்க வேண்டியது ரத்து விதி. நுழைவுச்சீட்டு, தங்குமிடம், பயணச்சீட்டு மூன்றில் முதலில் உறுதிசெய்ய வேண்டியது எளிதில் கிடைக்காதது. வரம்பு வைத்த பூங்காக்களில் அது நுழைவுச்சீட்டு. அடையாள அட்டையின் எண்ணைக் கொடுத்துத்தான் பல இடங்களில் பதிவு செய்ய முடியும், வாயிலில் அதே அட்டையைக் கேட்பார்கள். பெரும்பாலும் பெயர் மாற்ற முடியாது என்பதால் யார் வருகிறார்கள் என்பது முடிவான பிறகே பணம் கட்டுங்கள்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு பூங்காவின் அறிவிப்புகளை மறுபடி பாருங்கள்: சாலை, காட்டுத்தீ, வெள்ளம், திறப்புத் தேதி. முந்தைய நாளும் ஒருமுறை பாருங்கள். போகும் இடத்திலிருந்து இரண்டு மணிநேரத் தொலைவுக்குள் இன்னொரு காட்டையோ ஏரியையோ முன்கூட்டியே குறித்து வைத்திருந்தால், வாயிலில் "இன்று அனுமதியில்லை" என்ற பலகை தொங்கினாலும் வண்டியை எந்தப் பக்கம் திருப்புவது என்று ஓட்டுநரோடு அங்கே நின்று யோசிக்க வேண்டியிருக்காது.